அம்மாவோட பழைய காட்டன் சேலைகள்ல கோடைக்குப் போர்வை: வெட்டலாமா? உள்ளே பஞ்சு வைக்கணுமா?

மலைக்கோட்டை | ஏப்ரல் 18, இரவு 10.40

வணக்கம் தோழிகளே.

அம்மா தவறி ஒன்றரை வருஷம் ஆகுது. அவங்க காட்டன் சேலை 11 என் பீரோவுல இருக்கு. நாலு சுங்குடி, ரெண்டு கண்டாங்கி, மீதி எல்லாம் கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில வருஷா வருஷம் எடுத்த கைத்தறி. துவைச்சுத் துவைச்சு எல்லாமே பூ மாதிரி ஆயிடுச்சு. கட்டினா கிழிஞ்சிடும். யாருக்கும் கொடுக்க மனசு வரல. அப்படியே வச்சிருந்தா மடிப்புலேயே இத்துப் போகுது.

இந்தக் கோடையில நாங்க எல்லாரும் மொட்டை மாடியிலதான் படுக்கறோம். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தரை சுடுது. விடியக்காலை நாலு மணிக்கு மேல பனி இறங்கி லேசா சிலுசிலுன்னு இருக்கு. கடையில வாங்கின போர்வை அந்த நேரத்துக்குக்கூட வேர்க்குது. அதனால இந்தச் சேலைகளை அடுக்கி ரெண்டு போர்வை தைக்கலாம்னு இருக்கேன், எனக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணு. பொண்ணுக்கு (10 வயசு) பரீட்சை முடிஞ்சுது, அவளும் கூட உக்காருவேங்கறா. ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முடிக்கணும்.

கையில இருக்கறது அம்மாவோட மிதி மெஷின், கருப்புத் தலை. ஜாக்கெட், நைட்டி, தலையணை உறை எல்லாம் தைச்சிருக்கேன், போர்வை தைச்சதில்ல. உள்ளே பஞ்சு வைக்கணுமா? சதுரம் சதுரமா வெட்டி ஒட்டணுமா, முழுசா வைக்கலாமா? அப்புறம், இதைக் கேக்கலாமான்னு தெரியல, அம்மா சேலையில கத்திரி வைக்கலாமா?


கரூர்க்காரி | ஏப்ரல் 19, காலை 6.15

அக்கா, பஞ்சு வேண்டாமுங்க. நான் கரூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனியில எட்டு வருசம் தையல்ல இருந்தவ. வெளிநாட்டுக்குப் போற குயில்ட்டுக்குள்ள நாங்க வச்சதெல்லாம் பாலியஸ்டர் பஞ்சுதான். உடம்புச் சூடு வெளிய போகாம காத்தை உள்ள பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை. பனி கொட்டுற ஊருக்கு அது சரி. நம்ம சித்திரை மாசத்துக்கு அதை வச்சா போர்வையில்லை, அடுப்பு. வேர்வையையும் அது உறிஞ்சாது.

உங்க கையில இருக்குற நைஞ்ச காட்டன்தான் பஞ்சு. மூணு மடிப்பு போதும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு. விடியக்காலை குளிருக்கு அது தாராளம், பகல்ல விரிச்சுப் படுக்கவும் ஆகும்.

கணக்குச் சொல்றேன். சேலை அஞ்சரை மீட்டர், அதாவது 216 இஞ்ச். அகலம் 46 இஞ்ச்னு வச்சுக்குங்க. ஒரு சேலையை மூணாப் போட்டா 72 இஞ்ச் நீளத்துல மூணு துண்டு. ரெண்டு துண்டைக் கரையோட கரை சேர்த்து அடிச்சா 72க்கு 91 இஞ்ச். அது ஒரு மடிப்பு. ரெண்டு சேலையில ஆறு துண்டு, ஆறு துண்டுல மூணு மடிப்பு, ஒரு போர்வை. ஒரு சாண் துணி வீணாப் போகாது. கரை ரெண்டும் நடுவுல ஜோடியா வரும், ரெண்டு ஓரத்துலயும் கரை நிக்கும். தனியா டிசைன் யோசிக்கவே வேண்டாம், நெசவு பண்ணுனவரே போட்டு வச்சிருக்காரு.

ஒண்ணே ஒண்ணு. மூணு மடிப்புக்கும் நடுத் தையல் ஒரே இடத்துல வந்தா அங்க கட்டை மாதிரி ஆயிரும், ஊசி ஒடியும். அதனால நடு மடிப்புக்கு ஒரு துண்டை மட்டும் நீளவாக்குல ரெண்டாக் கிழிச்சு, முழுத் துண்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு வச்சு அடிச்சுருங்க. தையல் இடம் மாறிப் போயிரும்.

ஜரிகைக் கரை இருந்தா பிரிச்சுருங்க. துவைக்கத் துவைக்க ஜரிகை பிரிஞ்சு குத்தும், குழந்தைக்கு ஆகாது. கீழ ஃபால்ஸ் அடிச்சிருந்தா அதையும் பிரிச்சு எடுங்க. அது பாலியஸ்டர் கலந்ததா இருந்தா, தொவைச்சா காட்டன் சுருங்கும் அது சுருங்காது, ஓரம் அலை அலையா நிக்கும்.


ஊசிமுனை | ஏப்ரல் 19, காலை 9.02

மன்னிக்கணும், கசப்பாத்தான் சொல்லப் போறேன். என் அம்மா சேலை ஆறு எடுத்து நாலு இஞ்ச் சதுரமா வெட்டினேன். வீடியோ பார்த்து ஆசைப்பட்டு. வெட்டி முடிச்சுப் பார்த்தா எது எந்தச் சேலைன்னு எனக்கே தெரியல. அந்த மாம்பழக் கலர் சேலையில அம்மா கல்யாணத்துக்கு வந்தாங்க, பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க, ஆஸ்பத்திரியில படுத்திருந்தாங்க. இப்ப அது துண்டு துண்டா கிடக்கு. பழைய துணி வேற, தையலுக்குக் கால் இஞ்ச் விட்டது போதாம பிரிஞ்சு பிரிஞ்சு வந்துச்சு. பாதியிலேயே ஒரு பையில கட்டி வச்சிருக்கேன், மூணு வருஷமா.

அதனால மலைக்கோட்டை, சின்னதா வெட்டாதீங்க. ரொம்ப யோசிச்சு ஒரே ஒரு முறை கத்திரி வைங்க.


டெய்லர்_திண்டுக்கல் | ஏப்ரல் 19, மதியம் 2.30

அம்மா, முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன், தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல துணியைச் சோதிங்க. காலையில ஜன்னல் வெளிச்சத்துல சேலையை விரிச்சுப் பிடிச்சா இழை விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தா ரெண்டு கட்டை விரலாலயும் பிடிச்சு லேசா இழுத்துப் பாருங்க. காகிதம் மாதிரி ‘சர்’ருன்னு போனா அந்த இடம் நடு மடிப்புக்கு மட்டும்தான். பொதுவா இடுப்புல சொருகுற இடமும் கால்ல உரசுற கீழ் ஓரமும் முதல்ல போகும். முந்தானையும் உடம்பும் கடைசி வரைக்கும் நிக்கும். நல்ல துண்டுகளை மேலயும் கீழயும் போடுங்க.

மெஷின். 14ஆம் நம்பர் ஊசி புதுசா போடுங்க, ஜாக்கெட் தைச்ச பழைய ஊசி வேண்டாம். முனை மழுங்கின ஊசி நைஞ்ச துணியில ஓட்டை போடாது, இழையை அறுத்துடும். தையலைக் கொஞ்சம் பெருசா வைங்க, இஞ்சுக்கு எட்டு போதும். நெருக்கி அடிச்சா பழைய துணி அந்தக் கோட்டுலேயே கிழியும், தபால் தலைத் தாள் மாதிரி. மூணு மடிப்பு அடிக்கறப்போ பல் கீழ்த்துணியை இழுத்துட்டு ஓடும், மேல்துணி பின்தங்கும், அதனாலதான் சுருக்கம் விழுது. ஃபூட் கம்பிக்கு மேல இருக்கற அழுத்தத் திருகை ரெண்டு சுத்து தளர்த்துங்க. நூலும் காட்டன் நூலாவே இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் துணியை விட வலுவா இருக்கும், நாளைக்கு இழுபட்டா நூல் அறாது, துணிதான் அறும்.

எண்ணெய் மெஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் விடறவங்களைப் பார்த்திருக்கேன், நாள்பட அது பிசின் ஆகி மெஷின் இறுகிடும். பெல்ட் தோல்னா நாள்பட தொய்வாகி வழுக்கும், அரை இஞ்ச் வெட்டிக் கொக்கி மாத்திக்கோங்க. கரண்ட் போனாலும் ஓடுற மெஷின் உங்களோடது, மே மாசத்துக்கு அதுதான் நல்லது.


மலைக்கோட்டை | ஏப்ரல் 20, இரவு 11.10

எல்லாருக்கும் நன்றி. ஊசிமுனை, உங்க பதிவைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இன்னைக்கு எல்லாச் சேலையையும் வெளிய எடுத்தோம். டெய்லர் ஐயா சொன்ன மாதிரி பொண்ணு ஒரு ஓரம், நான் ஒரு ஓரம் பிடிச்சு ஜன்னல்ல காட்டிப் பார்த்தோம். எட்டு சேலை தேறுது. மூணு நடு மடிப்புக்குத்தான்.

பச்சைச் சுங்குடி முந்தானையில ஒரு பெரிய மஞ்சள் கறை. அம்மா சமையக்கட்டுல கை துடைச்சது. உள்ளங்கை அளவு, விரல் தடம்கூட தெரியுது. இதைப் போக்கறதா வேண்டாமான்னு தெரியல.

தங்கச்சிக்கு போன் பண்ணிச் சொன்னேன். அவளுக்கு இஷ்டமில்லை. “சேலை சேலையாவே இருக்கட்டும்க்கா”ன்னு சொல்லிட்டு வச்சுட்டா. அவ பங்குச் சேலைகளை அவளுக்கே அனுப்பிடலாமான்னு இருக்கு.

இன்னொண்ணு. அம்மாவோட பால் கணக்கு நோட்டு கிடைச்சிருக்கு. கடைசிப் பக்கத்துல எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதி வச்சிருக்காங்க, எதுக்குன்னு தெரியல. அந்தக் கையெழுத்தையே போர்வை மூலையில எம்ப்ராய்டரி பண்ண முடியுமா?


தார்வாடு_தமிழ் | ஏப்ரல் 21, காலை 11.25

மலைக்கோட்டை, நான் கல்யாணமாகி கர்நாடகத்துல தார்வாடு வந்து இருபது வருஷம். இந்தப் பக்கம் இதுக்குக் கௌதின்னு பேர். பழைய இல்கல் சேலை, வேட்டி, குழந்தை சட்டை எல்லாத்தையும் அடுக்கி, கையாலயே நூலோட்டம் ஓட்டிடுவாங்க. என் மாமியார் மெஷினைத் தொடவே மாட்டாங்க. மராட்டியத்துல இதையே கோதடின்னு சொல்றாங்க, வங்காளத்துல காந்தா. காந்தாவுக்கு நூலைக்கூட பழைய சேலைக் கரையிலேருந்து உருவி எடுத்துப்பாங்களாம்.

இங்கேருந்து எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் போனா, ஆப்பிரிக்க வம்சாவளியில வந்த சித்திங்கற சமூகத்துப் பெண்கள் செய்யற போர்வை இன்னும் அழகு. அவங்க நடுவிலேருந்து ஆரம்பிக்க மாட்டாங்க. ஓரத்துலேருந்து துண்டு வச்சுத் தைச்சுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வருவாங்க. கடைசியா நாலு மூலையிலும் துணியை முக்கோணமா மடிச்சு வச்சுத் தைப்பாங்க, அதுக்குப் பூலா, பூன்னு அர்த்தம். அது இல்லாத போர்வை முடிஞ்ச போர்வை இல்லை அவங்களுக்கு.

நம்ம ஊர்லயும் இது இல்லாம இல்லை. பிறந்த குழந்தைக்கு முதல்ல புதுத்துணியா போடறோம்? பாட்டியோட பழைய சேலை, தாத்தாவோட பழைய வேட்டி. தூளியும் அம்மா சேலையிலதான். துணி எத்தனை நைஞ்சதோ அத்தனை மெத்துன்னு இருக்கும்னு தெரிஞ்சுதான் செஞ்சாங்க. தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொங்கவிடற தொம்பையைப் பாருங்க, கலர் கலரா துணியை வெட்டி மேல ஒட்டித் தைச்ச வேலைதானே. நமக்குத் துணி மேல துணி வைக்கத் தெரியும்.

உங்க தங்கச்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஆனா கரூர்க்காரி சொன்ன கணக்குல சேலை சேலையாவே இருக்கே. ரெண்டு இடத்துல குறுக்கே வெட்டறீங்க, அவ்வளவுதான். கரை, உடல், முந்தானை எல்லாம் பார்த்தா தெரியும். அதை அவங்களுக்கு விரிச்சுக் காட்டுங்க.

மஞ்சள் கறை வெயில்ல நாலு நாள் காஞ்சா தானா வெளுத்துடும். சோப்புக்குப் போகாதது சூரியனுக்குப் போகும்.


சாட்டின்_ஸ்டிச் | ஏப்ரல் 21, மாலை 5.50

கையெழுத்தைப் பத்திக் கேட்டிருந்தீங்க. நான் வீட்டுல சின்ன கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் வச்சிருக்கேன், 4 இஞ்ச் சதுர ஃப்ரேம். கையெழுத்தைப் போட்டோ எடுத்து டிஜிட்டைஸ் பண்ணி ஃபைலா மாத்தணும். பிரதர் மெஷின்னா பிஈஎஸ், ஜானோம்னா ஜேஈஎஃப், கடைகள்ல இருக்கற பெரிய மெஷினுக்கு டிஎஸ்டி. இங்க்ஸ்டிச்னு இலவச மென்பொருள் இருக்கு, அதுல கோட்டு மேல கோடு வரைஞ்சாலே தையலா மாத்திக்கொடுக்கும்.

ஆனா எச்சரிக்கை. கடையில கொடுத்தா அவங்க கையெழுத்தைச் சாட்டின் தையலா நிரப்பித்தான் போடுவாங்க, தடிமனா பளபளன்னு. நைஞ்ச சேலையில அத்தனை தையல் விழுந்தா துணி சுருங்கி எழுத்தைச் சுத்தி அலை அலையா நிக்கும். என் மாமியாரோட வாயில் சேலையை அப்படித்தான் ஒரு கடையில கெடுத்துக் கொடுத்தாங்க, எழுத்தோரம் முழுக்க ஓட்டை. கேக்கும்போதே “ஒத்தைக் கோடு, ரன்னிங் தையல்தான், ரெண்டு மூணு தரம் போனா போதும்”னு சொல்லிடுங்க. அடியில மெல்லிசா கிழிக்கற பேப்பர் வைக்கச் சொல்லுங்க. போர்வை சேர்க்கறதுக்கு முன்னாடியே மேல்மடிப்புல மட்டும் போட்டுடணும், மூணும் சேர்த்தப்புறம் ஃப்ரேம்ல மாட்ட வராது.


தையல்_டீச்சர் | ஏப்ரல் 22, காலை 7.30

கடைக்குப் போக வேண்டியதே இல்லைம்மா. உங்க மிதி மெஷின்லயே வரும். சத்தியவாணி முத்து அம்மையார் திட்டத்துல அரசாங்கம் கொடுத்த மெஷினை வச்சுக்கிட்டு என்கிட்ட கத்துக்க வந்த பிள்ளைங்க எத்தனையோ பேர் அதுலயே பூ, கொடி, பேர் எல்லாம் போட்டாங்க. பொறுமையா படிங்க.

ஃபூட்டைக் கழட்டிடுங்க, அதோட திருகையும். பல்லை இறக்கற வசதி இருந்தா இறக்குங்க, இல்லைன்னா பல்லை மூடற தகடு தையல் சாமான் கடையில கிடைக்கும். தையல் நீளம் பூஜ்யம். ஊசி 11ஆம் நம்பர். மேல் நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்க.

எழுத்தைக் கார்பன் பேப்பர் வச்சு எடுக்காதீங்க, கறை போகாது. வெளிச்சம் வர்ற கண்ணாடி ஜன்னல்ல நோட்டுப் பக்கத்தை ஒட்டி, மேல சேலைத் துண்டை வச்சு, மெல்லிசா பென்சில்ல வரைங்க. ரிங் மாட்டறப்போ கை எம்ப்ராய்டரிக்கு மாட்டற மாதிரி இல்லாம தலைகீழா மாட்டணும், துணி மெஷின் தகட்டுல ஒட்டிப் படியணும். துணி தப்பட்டை மாதிரி இறுக்கமா இருக்கணும். அடியில வெள்ளை டிஷ்யூ பேப்பர். நியூஸ் பேப்பர் வேண்டாம், மை ஒட்டும்.

ஊசியை ஒரு தரம் கையால சுத்தி இறக்கி ஏத்தி, பாபின் நூலை மேல எடுத்துக்கோங்க. ரெண்டு நூல் நுனியையும் பிடிச்சுக்கிட்டு முதல் நாலு தையல். கால் வேகமா மிதிக்கணும், கை மெதுவா நகரணும். ஆரம்பத்துல எல்லாரும் இதை மாத்திச் செய்வாங்க. ஊசி துணிக்குள்ள இருக்கறப்போ ரிங்கை இழுத்தீங்கன்னா ஊசி ஒடியும், விரலை ஊசிக்கு ரெண்டு இஞ்ச் தள்ளியே வைங்க. பக்கத்துல குழந்தை இருந்தா இந்த வேலையை அவ கையில கொடுக்காதீங்க.

முதல்ல பழைய தலையணை உறையில ஒரு மணி நேரம் பழகுங்க. ‘ழ’ போட வந்துட்டா மத்த எழுத்தெல்லாம் வரும்.


கோத்தகிரி_குளிர் | ஏப்ரல் 22, மாலை 4.05

எல்லாரும் பஞ்சே கூடாதுங்கற மாதிரி பேசறீங்க. எங்க ஊருக்கு ஒரு தரம் வந்து பாருங்க. மே மாசத்துலயும் ராத்திரி ரெண்டு போர்வை வேணும். நான் மேல சேலை, நடுவுல பழைய கம்பளி, அடியில ஃப்ளானல் வச்சுத் தைக்கறேன். கம்பளியை முதல்லயே வெந்நீர்ல அலசிச் சுருக்கிட்டுத்தான் வைக்கணும், இல்லைன்னா முதல் துவைப்புலேயே போர்வை கோணிக்கும். தோடர் பெண்கள் புத்துக்குளிங்கற சால்வையில போடற சிவப்பு கருப்புப் பூவேலையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. கோடு வரையாம இழையை எண்ணி எண்ணிப் போடுவாங்க. சமவெளிக்கு நீங்க சொல்றது சரி. மலைக்கு வேற கணக்கு.


கரூர்க்காரி | ஏப்ரல் 22, இரவு 8.20

கோத்தகிரி அக்கா சொல்றது நெசந்தானுங்க. நான் திருச்சிக்குத்தான் சொன்னேன்.

மலைக்கோட்டை அக்கா, பாப்பாவும் கூட உக்காருவேங்கறான்னு சொன்னீங்களே. மிச்சமாகுற காட்டன்ல பிடித்துணி தைக்கச் சொல்லுங்க. 8 இஞ்ச் சதுரம், நடுவுல பழைய ஜீன்ஸ் ரெண்டு மடிப்பு, மூலையில தொங்கவிட ஒரு காது. கையாலயே நூலோட்டம் ஓட்டட்டும், கோணலாப் போனாலும் பிரிக்க வேண்டாம். நைலான், பாலியஸ்டர் மட்டும் ஒரு துண்டுகூட சேர்க்க விடாதீங்க. சூடான வாணலி பட்டா உருகிக் கையில ஒட்டும். எங்க கம்பெனியில இதுக்குன்னே தனியா பரிசோதனை இருந்துச்சு.

அது வந்துட்டா அடுத்தது மஞ்சப்பை. 14க்கு 16 இஞ்ச், பிடியை வாய் ஓரத்துல பெட்டி போட்டு நடுவுல குறுக்கு அடிச்சா அஞ்சு கிலோ அரிசி தாங்கும். ரெண்டு நாள்ல பாப்பா மிதி மெஷின்ல நேர்க்கோடு பழகிருவா.


மலைக்கோட்டை | மே 9, இரவு 10.15

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். கத்திரி வெயில் ஆரம்பிச்சப்புறம் பகல்ல மெஷின்கிட்ட உக்கார முடியல, கை வேர்வை துணியில பட்டு திட்டுத் திட்டா நிக்குது. காலையில அஞ்சுலேருந்து எட்டு வரைக்கும்தான் வேலை.

முதல் போர்வைக்கு நீலக் கைத்தறியும் சிவப்புக் கண்டாங்கியும் எடுத்தேன். ஹால் தரையில அடி மடிப்பை விரிச்சு ஓரத்தை டேப் போட்டு ஒட்டி, மேல ஒண்ணொண்ணா நீவி விட்டோம். ஃபேனை நிறுத்திட்டு. ஒரு சாணுக்கு ஒரு ஊக்குன்னு பொண்ணுதான் குத்தினா, நாலு அட்டை ஊக்கு தீர்ந்துது. ரெண்டரை இஞ்சுக்கு ஒரு கோடு போட்டா 36 கோடு வருது. இன்னைக்கு வரைக்கும் 10 கோடு அடிச்சிருக்கேன்.

ரெண்டு சிக்கல். நடுவிலேருந்து ஆரம்பிச்சு ஒரு கோடு மேலேருந்து கீழ, அடுத்தது கீழேருந்து மேலன்னு மாத்தி மாத்தி அடிச்சேன், கோட்டுக்கு நடுவுல துணி சாய்வா முறுக்கின மாதிரி நிக்குது. ரெண்டாவது, எம்ப்ராய்டரி பழகிப் பார்த்தேன், அடியில நூல் குருவிக்கூடு மாதிரி சுருண்டுக்குது. மேல் இறுக்கத்தைக் கூட்டியும் பார்த்தாச்சு.


டெய்லர்_திண்டுக்கல் | மே 10, காலை 8.00

முறுக்கு ஏன்னா, ஒவ்வொரு கோட்டுலயும் மேல்துணி கொஞ்சம் பின்தங்கும். மாத்தி மாத்தி அடிச்சா பக்கத்துப் பக்கத்துக் கோடு எதிரெதிரா இழுக்கும். எல்லாக் கோடும் ஒரே திசையில அடிங்க, மேலேருந்து கீழ. ஒரு பாதி முடிச்சிட்டு நடுவுக்கு வந்து மறு பாதி. வலது பக்கம் போற பாதியைப் பாய் மாதிரி சுருட்டி மெஷின் கைக்குள்ள விடுங்க, இடது பக்கத்துத் துணி தரையில தொங்கி இழுக்காம ஒரு நாற்காலியில ஏத்தி வைங்க. போர்வை கனம் இழுத்தாலே தையல் சின்னதும் பெருசுமா விழும். நாலஞ்சு பாபின் முன்னாடியே சுத்தி வச்சுக்கோங்க.

அடிச்ச 10 கோட்டுல ரொம்ப முறுக்கினதை மட்டும் பிரிங்க. லேசானது முதல் துவைப்புல படிஞ்சிடும்.


தையல்_டீச்சர் | மே 10, காலை 9.45

குருவிக்கூடுக்குக் காரணம் எனக்குத் தெரியும். ஃபூட்டைக் கழட்டிட்டதால பின்னாடி இருக்கற நெம்புகோலை இறக்க மறந்திருப்பீங்க. ஃபூட் இல்லைன்னாலும் அதை இறக்கியே ஆகணும். அது மேல இருக்கறப்போ இறுக்கத் தட்டு ரெண்டும் திறந்தே கிடக்கும், நீங்க திருகை எவ்வளவு சுத்தினாலும் நூலைப் பிடிக்காது. இறக்கிட்டு, திருகைப் பழையபடி தளர்த்திட்டுப் பாருங்க.


மலைக்கோட்டை | மே 10, இரவு 9.30

டீச்சர், அதேதான்! இறக்கினதும் முதல் தடவையிலேயே சுத்தமா வந்துது. பொண்ணு பேரை மூணு தரம் போட்டுப் பழகிட்டேன். ‘ழ’ வந்துடுச்சு.


ஊசிமுனை | மே 12, மதியம் 1.15

நான் கட்டி வச்ச பையை இன்னைக்கு இறக்கினேன். நாலு இஞ்ச் சதுரம் எல்லாத்தையும் ஒரு பழைய வேட்டி மேல அடுக்கி, ஓரத்தை ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி, தார்வாடு அக்கா சொன்ன மாதிரி வெளியிலேருந்து உள்ள சுத்திச் சுத்திக் கையால ஓட்ட ஆரம்பிச்சிருக்கேன். வேட்டி தாங்கிப் பிடிக்குது, பிரியல. மாம்பழக் கலர் எல்லாத்தையும் நடுவுக்கு வச்சிருக்கேன்.


தார்வாடு_தமிழ் | மே 12, மாலை 6.40

ஊசிமுனை, நடுவுக்கு வந்து சேரும்போது ஒரு படம் போடுங்க. மூலையில நாலு பூவை மறக்காதீங்க.


மலைக்கோட்டை | மே 26, இரவு 11.50

முதல் போர்வை முடிஞ்சுது. அடி மடிப்பை ஓரத்துல ஒண்ணரை இஞ்ச் வெளிய விட்டு, மேல மடக்கி அடிச்சேன். மேல் மூலையில அம்மா எழுத்துல எங்க ரெண்டு பேர் பேரும் இருக்கு, ஒத்தைக் கோட்டுல, கருநீல நூல்ல. அம்மா எழுத்துல ‘தி’யோட சுழி எப்பவும் மேல பறக்கும். அது அப்படியே வந்திருக்கு. நேத்து ராத்திரி பொண்ணு அதைப் போத்திக்கிட்டு மாடியில படுத்தா, விடிஞ்சும் எழுந்துக்கல.

சனிக்கிழமை தங்கச்சி வந்தா. நான் ஒண்ணும் சொல்லல, மாடியில விரிச்சு வச்சிருந்தேன். கரையைத் தடவிக்கிட்டே “இது என் காலேஜ் அட்மிஷனுக்கு வந்தப்போ கட்டினது”ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு பீரோவைத் திறந்து அவளே ரெண்டு சேலை எடுத்தா. அதுல ஒண்ணு பச்சைச் சுங்குடி, மஞ்சள் கறை இருக்கறது. குறுக்கே எங்க வெட்டணும்னு அவதான் சாக்பீஸ்ல கோடு போட்டா, முந்தானை முழுசா வர்ற மாதிரி. கறை நடு மடிப்புக்குப் போகக் கூடாதாம், மேலதான் வரணுமாம், அவ கன்னம் படற இடத்துல. புதன்கிழமையிலேருந்து ரெண்டு பேருமா உக்காந்து 20 கோடு முடிச்சிருக்கோம். அவ மிதிக்கறா, நான் துணியைத் தாங்கிப் பிடிக்கறேன்.

தார்வாடு அக்கா, கறை வெயில்ல வெளுத்துடும்னு சொன்னீங்களே, நல்லவேளை சொன்னீங்க. இந்தப் போர்வையைத் துவைச்சா கறைப் பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு, வீட்டுக்குள்ள கொடியிலதான் காயப்போடணும்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன்.